கோல்கீப்பருக்கு மட்டும் இட்லி

எங்கள் மாப்பிள்ளை அலிப்பூரில் ஒரு கவர்மெண்ட் ஆபீஸில் குமாஸ்தா. ஆனால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் கோல்கீப்பர் என்றுதான் சொல்வார். வயது நாற்பது. முன்னந்தலையில் முடி போய்விட்டது, அதற்கு ஈடாக வயிறு முன்னால் வந்துவிட்டது. ஆள் வங்காளி. நல்ல மனுஷன். அதை நான் அவர் காதுபடச் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் மாமியார்க்காரி மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேச மாட்டாள். மாப்பிள்ளை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாலும், "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்று மகளிடம்தான் சொல்வாள். நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தா வந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. என் வீட்டுக்காரர் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் இருந்தார், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எத்தனையோ மாறியது, இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. மகள் பக்கத்தில் இல்லாதபோது பேசியே ஆக வேண்டும் என்றால் வங்காளியில் 'ஆப்னி' போட்டு, மரியாதையாகப் பேசுவேன். இங்கே மாமியார்கள் மாப்பிள்ளையைச் செல்லமாக 'துமி' என்பார்கள், கோபம் வந்தால்தான் 'ஆப்னி'யாம். எனக்கு அது தெரியாது. என்ன தப்புச் செய்தோமோ என்று முதல் வருஷம் முழுக்க அந்த மனுஷன் என்னைக் கண்டாலே எழுந்து நின்றார். நானும் நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய கிளப் காளிகாட்டில், மீன் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. ஒரே அறை. ஒரு கேரம் போர்டு, ஒரு காளி படம், யாரோ எந்தக் காலத்திலோ ஜெயித்த கப்புகள். பெரிய கப்பில் குடைகளைச் செருகி வைப்பார்கள். இந்த ஊரில் பெரிய கிளப்புகள் இருக்கின்றன, அவை தோற்றால் சில வீடுகளில் அடுப்பு எரியாது. எங்கள் கிளப் தோற்றால் அடுத்த சந்துக்காரனுக்குத் தெரியாது. கீழ் டிவிஷன்களில் ஒன்றில் ஆடும் கிளப். சுவரில் பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி, மேலேயும் ஏறாமல் கீழேயும் விழாமல் அதே இடத்தில் வருஷக்கணக்காக இருந்தது.

போன வருஷம்தான் பல்லிக்குப் பிடி நழுவியது.

லீக்கில் கடைசி இரண்டு இடத்தில் நிற்கிற டீமை அடுத்த வருஷம் இன்னும் கீழே இருக்கிற டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தம் உண்டு. முந்தின வருஷம் மாப்பிள்ளை பந்தைப் பிடிக்கப் பாய்ந்து தோள்பட்டை கழன்று, ஒரு மாதம் என் மகள்தான் சோறு ஊட்டினாள், தலை வாரினாள், சட்டைப் பொத்தான் போட்டாள். "நாற்பது வயசில் இவருக்கு மண்ணில் உருள வேண்டியிருக்கு" என்று சொல்லிச் சொல்லியே போட்டாள். கடைசியில் காளி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்கிவிட்டாள். அடுத்த லீக்கில் கிளப் கீழே போனால் அவர் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். போகவில்லை என்றால் அவள் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். கிளப் எந்தக் காலத்திலும் கீழே போனதில்லை என்ற தைரியத்தில் அவரும் தலையாட்டிவிட்டார்.

மழை பிடித்து லீக் ஆரம்பித்தது. முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவதில் எங்கள் ஆளே எங்கள் கோலுக்குள் அடித்துவிட்டான். மாப்பிள்ளை முகம் ஊறப்போட்ட புளி மாதிரி ஆகிவிட்டது. மகளோ கோலம் போடுகிறாள், பாட்டு முணுமுணுக்கிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். ஆட்டம் இருக்கிற நாளில் மட்டும் அவள் அடுப்பு பற்ற வைப்பதில்லை. அது அவள் ஸ்டிரைக். அவர் ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

நான் மகள் வீட்டில் தங்குகிறவள் இல்லை. ஒரு சந்து தள்ளி எனக்குத் தனி வீடு, தனி அடுப்பு. ஆனாலும் விஷயம் காதில் விழுந்துவிட்டது. கீழே போகட்டும், மேலே போகட்டும், அது கிளப்பின் தலையெழுத்து. என் மாப்பிள்ளை வெறும் வயிற்றோடு நிற்பதா? இட்லி ஊற்றி, தூக்குவாளியில் அடுக்கி, மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்துத் தனியாக எடுத்து, குடையையும் எடுத்துக்கொண்டு, ஊர் நடுவில் மைதான் என்கிற பெரிய புல்வெளிக்குக் கிளம்பினேன்.

மைதானில் பெரிய கிளப்புகளுக்குத் தோட்டத்தோடு கூடாரம் இருக்கும். எங்கள் கிளப்புக்கு இன்னொரு கிளப்பின் கூடாரத்தில் ஒரு மூலை. உள்ளே போனால் பாதி உடுத்தியும் உடுத்தாமலும் பத்துப் பன்னிரண்டு பேர். என்னைக் கண்டதும் துண்டைத் தேடி ஓடினார்கள். "ஓடாதீங்கப்பா, உங்களை மாதிரி எத்தனையோ பேரைக் குளிப்பாட்டினவள் நான்" என்று சொல்லி வாளியைத் திறந்தேன்.

அவர்களுடைய கோச் அறுபது தாண்டியவர். ஒரு காலத்தில் பிரமாதமாக ஆடினவராம், அவரே சொன்னார். என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னவர், ஆனாலும் கொஞ்சமும் கூசாமல் 'மாஷிமா' என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டார். வாளிக்குள் எட்டிப் பார்த்தவர் பாம்பைக் கண்டவர் போலப் பின்வாங்கினார்.

"மாஷிமா! என்ன காரியம் பண்ணிட்டீங்க! ஆட்டத்துக்கு முன்னால இதையா கொண்டு வருவாங்க?"

"ஏன், இட்லிக்கு என்ன?"

"வெள்ளையா இருக்கு, உருண்டையா இருக்கு. முட்டையேதான்!"

இந்த ஊரில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அன்றைக்கு முட்டை கொடுக்க மாட்டார்கள். முட்டை பூஜ்யம் மாதிரி இருக்கிறதாம், தின்றுவிட்டுப் போனால் அதுவே மார்க்காக வந்து நிற்குமாம். அது எனக்கும் தெரியும். ஆனால் என் இட்லியை ஒருவர் முட்டை என்று சொல்லி நான் கேட்டதில்லை. முட்டை நுழையாத அடுக்களை என்னுடையது.

"முட்டை கோழியோட வேலை. இது என் வேலை. எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியலையா உமக்கு?" என்றேன்.

கூடாரமே சிரித்தது, கோச் சிரிக்கவில்லை. "யாரும் தொடக்கூடாது!" என்று கையை விரித்துக்கொண்டு வாளிக்கு முன்னால் நின்றார்.

அப்போதுதான் மாப்பிள்ளை மூலையிலிருந்து கோச்சை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "தாதா, எனக்குப் பூஜ்யம்தானே வேணும்? கோல்கீப்பருக்கு அதைவிட நல்ல எண் எது?"

கோச் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தார். பிறகு கையை மடக்கினார். "கோல்கீப்பருக்கு மட்டும்."

மாப்பிள்ளை ஏழு இட்லி சாப்பிட்டார். அன்றைக்கு ஒரு பந்து உள்ளே போகவில்லை. எங்கள் ஆட்களும் ஒன்றும் போடவில்லை, அது வேறு விஷயம். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அந்த வருஷத்தில் கிடைத்த முதல் பாயிண்ட்.

அதற்குப் பிறகு அந்தக் கோச்சை யாரால் பிடிக்க முடியும்? அடுத்த ஆட்டத்துக்கு ஆள் அனுப்பினார், மாஷிமாவிடம் சொல், பின்னால் நிற்கிற நாலு பேருக்கும் சேர்த்து இட்லி வேண்டும். முன்னால் ஓடி கோல் போடுகிறவர்களுக்கு இட்லி ஆகாது, ஒன்று என்கிற எண் மாதிரி நீளமாக ஏதாவது வேண்டும். நான் வடை கொண்டு போனேன். கோல் போடுகிற பையன், ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான், ஆசையாக ஒன்றை எடுத்தான். கோச் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "கூறுகெட்டவனே, இதில் பூஜ்யத்துக்குள்ளே பூஜ்யம் இருக்குடா!"

கடைசியில் முருங்கைக்காய் சாம்பார் என்று முடிவாயிற்று. வங்காளிகளுக்கு முருங்கைக்காய் உயிர். முன்வரிசைக்காரர்கள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்கார்ந்து முருங்கைக்காயைச் செங்குத்தாகப் பிடித்து, கோச்சிடம் காட்டிவிட்டுச் சப்புவார்கள். நடுவில் ஓடுகிறவர்களுக்கு உப்புமா. அதற்கு வடிவம் கிடையாது, அவர்கள் ஆட்டத்துக்கும் கிடையாது.

இப்படியே சில ஆட்டம் சமன், ஒன்றிரண்டு வெற்றி, நடுவில் இரண்டு தோல்வி. தோற்ற நாளில் தேங்காய்ச் சட்னிமேல் பழி. நானும் ஒரு ஆட்டம் விடாமல் போனேன். கயிற்றுக்கு வெளியே குடை பிடித்து நிற்பேன். ஒரு பக்கம் ஆட்டுமந்தை மேயும், ஒரு பக்கம் டீக்காரர். பார்க்க வருகிறவர்கள் இருபது பேர் இருந்தால் கூட்டம். ஆஃப்சைட் என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஆனால் நம் ஆளுக்குச் சொன்னால் தப்பு, எதிராளிக்குச் சொன்னால் சரி என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. சைடில் கொடி பிடிக்கிறவரிடம் அதை விளக்கமாகவும் சொல்லியிருக்கிறேன்.

கடைசி ஆட்டம் வந்தது. தெருவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட ஆரம்பித்திருந்தார்கள். ஒரே ஒரு பாயிண்ட் கிடைத்தால் கிளப் பிழைக்கும், தோற்றால் கீழே. சமன் போதும் என்றதும் கோச் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அவரே என் வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கைகூப்பி நின்றார்.

"மாஷிமா, நாளைக்கு முருங்கைக்காய் வேண்டாம், உப்புமா வேண்டாம். மொத்த டீமுக்கும் இட்லி. ரெண்டு பக்கமும் பூஜ்யமா நிற்கணும்."

அவர் போன பிறகு மகள் வந்தாள். கிரைண்டர் ஓடுவதைப் பார்த்தாள்.

"எத்தனை பேருக்கு?"

"டீம் முழுக்க."

"ஏம்மா, நீ யார் பக்கம்?"

"நான் அடுப்புப் பக்கம்."

"அவருக்குத் தோள் கழன்றப்போ யார் சோறு ஊட்டினது?"

"நீதான் ஊட்டினே. உன் புருஷனுக்குத்தானே ஊட்டினே, ஊரானுக்கா?"

"இன்னொரு தடவை கழன்றா நீ ஊட்டு."

"மாமியார்க்காரி ஊட்டினா ஊர் சிரிக்கும்ட்டி."

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு நானும் வாரேன். அவரோட கடைசி ஆட்டத்தை நான் பார்க்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். சந்தோஷமாகச் சொன்ன மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ராத்திரி மழைச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மனுஷனுக்கு ஆபீஸில் பேர் கிடையாது, பிரமோஷன் கிடையாது. அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில்தான் முதுகு நிமிர்ந்து நிற்பார். அதை நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். மகள் பார்த்ததில்லை.

மறுநாள் கூடாரத்தில் அத்தனை பேரும் இட்லி தின்றார்கள். முருங்கைக்காய்க் காலம் முழுக்க ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த ஒட்டடைக்குச்சிப் பையன் ஒன்பது தின்றான். தின்றுவிட்டு ஏப்பம் விட்டான். எனக்குப் பெருமைதான், ஆனால் பதினொரு பேரும் மைதானத்துக்குள் போன நடையைப் பார்த்தால் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருந்தது.

தரையெல்லாம் சகதி. இரண்டு டீமும் அதில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை மட்டும் அன்றைக்கு எப்படி ஆடினார் என்றால், இடது பக்கம் விழுந்தார், வலது பக்கம் விழுந்தார், ஒரு தடவை முகத்தால் தடுத்தார். மகள் என் பக்கத்தில் கைகட்டி நின்றாள். அவர் விழும்போதெல்லாம் என் குடைக்கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். எங்கள் ஒட்டடைக்குச்சிப் பையன் அவர்கள் கோல் பக்கத்தில் ஓட முடியாமல் நின்றுகொண்டிருந்தான். அவர்கள் ஆள் ஒருவன் வழுக்கி வந்து அவன் காலை வாரிவிட்டான். ரெஃபரி விசில் ஊதி, புள்ளியைக் காட்டினார். பெனால்டி. எங்களுக்கு!

நான் குடையைத் தூக்கிக் குதித்தேன். கோச் தலையில் கை வைத்தார்.

"வேண்டாம்! கோல் போடாதே! வெளியே அடி!"

"உமக்குப் பைத்தியமா? போட்டா ஜெயிச்சிரலாமே!" என்றேன்.

"மாஷிமா, இன்னிக்கு டீம் முழுக்கப் பூஜ்யத்தில் நிற்குது. நம்ம பூஜ்யத்தை நாமே உடைச்சா அவங்க பூஜ்யமும் உடையும்!"

பையன் பந்தைப் பார்த்தான், கோச்சைப் பார்த்தான், வயிற்றைத் தடவினான். அடிக்க மாட்டேன் என்று நகர்ந்துகொண்டான். இன்னொருவனைக் கூப்பிட்டார்கள், அவன் ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்துவிட்டான். எதிர் டீம்காரர்களே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரெஃபரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அந்தக் கோடியிலிருந்து எங்கள் மாப்பிள்ளை ஓடி வந்தார். மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடி வந்தார். "நான் அடிக்கிறேன்" என்றார். கோச் கத்தினார், அவர் காதில் வாங்கவில்லை. இருபது வருஷமாக மற்றவர்கள் கோல் போடுகிறதைத் தூரத்தில் நின்று பார்த்தவர். இது கடைசி ஆட்டமாக இருந்தாலும் இருக்கும். ஒரு தடவை தானும் அடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. யாருக்குத்தான் தோன்றாது?

இரண்டு எட்டு பின்னால் போய், ஓடி வந்து, அடித்தார். பந்து நேராகப் போய் அவர்கள் கோல்கீப்பரின் வயிற்றில் மொத்தென்று பட்டுத் திரும்பியது. அவர்கள் ஆள் ஒருவன் அதை எடுத்து ஒரே உதை. அது எங்கள் பக்கம் வருகிறது. எங்கள் கோலில் யாருமில்லை. கோலுக்குச் சொந்தக்காரர் அந்தக் கோடியில் நிற்கிறார்.

பந்து உருண்டது. அதன் பின்னால் அவர்களுடைய ஒல்லிப் பையன் ஒருவன் ஓடினான், அவனுக்குப் பின்னால் எங்கள் மாப்பிள்ளை, வயிறு முன்னால், ஆள் பின்னால். பந்து கோட்டுக்குப் பக்கத்தில் போய், அவரே நாள் முழுக்க மிதித்துக் குழியாக்கின சேற்றுத் தண்ணீரில் சளக்கென்று நின்றது. நின்றேவிட்டது. இனி யார் முதலில் போய்ச் சேருகிறார்களோ அவர்களுக்கு.

என் வாயிலிருந்து அப்போது வந்ததை நான் எழுதத்தான் வேண்டும்.

"ஏலே! ஓடுலே! ஓடுலே சவமே!"

மாட்டை விரட்டுகிற குரல். பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாயைப் பொத்திக்கொள்ளப் போனால், பக்கத்தில் அதைவிடப் பெரிய குரல். என் மகள் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், செருப்பு ஒன்று சேற்றில் போக, வங்காளியில் "ஓகோ! தௌடாவ்! தௌடாவ்!" என்று கத்துகிறாள். புருஷன்காரனைக் கூப்பிட்டு ஓடு, ஓடு என்கிறாள். அவள் வேண்டிக்கொண்டது நடக்க, அந்தப் பந்து ஒரு சாண் நகர்ந்தால் போதும். அதை அவள் நினைத்ததாகவே தெரியவில்லை.

ஒல்லிப் பையன் காலை ஓங்கினான். மாப்பிள்ளை எருமை குளத்தில் இறங்குகிற மாதிரி நெஞ்சால் வழுக்கிக்கொண்டே வந்து, பந்துமேல் வயிற்றைப் போட்டுப் படுத்துவிட்டார். சேறு தெறித்ததில் கொஞ்ச நேரத்துக்கு யாரும் தெரியவில்லை. பிறகு ரெஃபரி நீளமாக விசில் ஊதினார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

கோச் என் காலில் விழுந்தார். இட்லிதான் காப்பாற்றியது என்று மைதானத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார், ஆடுகளிடம் சொல்லாததுதான் பாக்கி. நானும் மறுக்கவில்லை. நல்ல மாவு, புளிப்பும் சரியாக இருந்தது.

டாக்ஸிக்காரர் சீட்டில் பிளாஸ்டிக் விரித்த பிறகுதான் எங்களை ஏற்றினார். நான் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாப்பிள்ளையைப் போய் 'லே' என்றாயிற்று, 'சவமே' என்றும் ஆயிற்று. ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அவர் முன் சீட்டிலிருந்து திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"மா, 'லே' நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊர்ல சொந்தப் பிள்ளையைத்தான் அப்படிக் கூப்பிடுவாங்க. 'ஆப்னி' போடறதை அம்மா விட்டுட்டா போல."

அவருக்கு முகமெல்லாம் பல். சேற்றுக்கு நடுவில் பல் மட்டும்தான் தெரிந்தது.

மகள் வீட்டில் அவரைக் குளிக்க வைத்து, கட்டிலில் உட்கார வைத்து, தைல பாட்டிலோடு அவள் வந்தாள். நான் வாசலோரம் டீயோடு நின்றேன்.

"காளி முன்னால என்ன சொன்னே?" என்றார் மாப்பிள்ளை. "கீழே போகலைன்னா வாயே திறக்க மாட்டேன்னு."

"நான் வாயைத் திறந்தேனா?" என்று சொல்லி அவள் தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். அவர் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவர் முனகிக்கொண்டே இருந்தார். பிறகு அவள் கேட்டாள்: "அந்தப் பெனால்டியை எதுக்கு அவன் வயித்தைப் பார்த்து அடிச்சீங்க? மூலை மூலையா எவ்வளவு இடம் காலியாக் கிடந்தது!"

அவர் சட்டென்று திரும்பி உட்கார்ந்தார். வலியெல்லாம் எங்கே போயிற்றோ. தலையணையை எடுத்து வைத்து இது கோல் என்றார். டீ டம்ளரை வைத்து இது அந்தக் கோல்கீப்பர் என்றார். தைல பாட்டிலைக் கட்டில் விளிம்பில் வைத்து, "இது நான், இங்கிருந்து ஓடி வந்தேன்..." என்று ஆரம்பித்தார்.

"இல்லை," என்றாள் மகள். "நீங்க அங்க நிக்கலை. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்." பாட்டிலை எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். "இங்க நின்னீங்க. இப்ப சொல்லுங்க."